மோர்க்குழம்பு திரிந்த நாள்

வெள்ளிக்கரட்டு மடத்தில் மொத்தம் ஆறு பேர். அந்த ஆறு பேரில் அதிகம் பேசுகிறவருக்கு மௌனசாமி என்று பெயர். பெரிய சாமி இருந்த காலத்தில் வைத்த பெயர் அது. பெயரைக் கேட்டாவது வாய் அடங்கும் என்று நினைத்திருப்பார். பெயர் நிலைத்தது, வாய் அடங்கவில்லை.

அன்று காலையில் மௌனசாமி வழக்கத்தைவிட இரண்டு மடங்கு பேசிக்கொண்டிருந்தார். அடுப்போடு பேசினார். அரிவாள்மணையோடு பேசினார். வெள்ளைப் பூசணிக்காயைத் தடவிக்கொடுத்து, "நல்லா வெந்து போடு சாமி, மானத்தை வாங்கீராத" என்று கேட்டுக்கொண்டார்.

காரணம் இருந்தது. பதினோரு மணி பஸ்ஸில் அவருடைய மகள் வருகிறாள்.

'அவருடைய மகள்' என்று சொல்லலாமா கூடாதா என்பதுதான் அன்றைக்கு வழக்கே. அந்த மடத்தில் சேருகிறவர்கள் அடிவாரத்து ஓடையில் முழுகி, தங்களுக்குத் தாங்களே பதினாறாம் நாள் காரியம் செய்து, பழைய பெயரைத் தண்ணீரோடு விட்டுவிட்டுத்தான் படியேற வேண்டும். இருபத்தேழு வருடங்களுக்கு முன்பு ராக்கியண்ணன் என்ற தறிக்காரர் அந்த ஓடையில் முழுகினார். எழுந்தது மௌனசாமி. ராக்கியண்ணனுக்கு வீட்டில் பாவாயி என்று மனைவியும், நான்கு வயதில் சிவரஞ்சனி என்று மகளும் இருந்தார்கள்.

இரண்டு வருடம் கழித்து பாவாயி எப்படியோ விசாரித்துக்கொண்டு மடத்துக்கே வந்துவிட்டாள். மௌனசாமி அவள் முகத்தைப் பார்க்காமல், சுவரைப் பார்த்துக்கொண்டு, "நீ தேடி வந்த ஆளு செத்துட்டானம்மா" என்றார். அவள் அழவில்லை, சண்டையும் போடவில்லை. வந்தவர் யாரையும் வெறுங்கையோடு அனுப்பும் பழக்கம் பெரிய சாமிக்கு இல்லை. உள்ளே போய் என்னவோ எடுத்து வந்து அவள் கையில் கொடுத்து, காதில் என்னவோ சொல்லி அனுப்பினார். மௌனசாமி சுவரையே பார்த்துக்கொண்டிருந்ததால் அது என்னவென்று தெரியவில்லை. கேட்கவும் இல்லை.

இப்போது இருபத்தைந்து வருடம் கழித்து, நேற்று மத்தியானம் மடத்துப் போன் அடித்தது. எடுத்தவர் மௌனசாமி.

"மௌனசாமிங்கறவரு இருக்காருங்களா? நான் சிவரஞ்சனி பேசறேனுங்க."

"இருக்காருங்க" என்றார் மௌனசாமி, வேறு யாரோ போல.

அவள் படபடவென்று சொல்லிவிட்டாள். அடுத்த மாதம் ஒன்பதாம் தேதி அவளுக்குக் கல்யாணம். தாரை வார்க்க அம்மா மணைக்குப் பக்கத்தில் வரமாட்டேன் என்கிறாள். 'செத்துட்டேன்னு அவரே வாயால சொன்னாரு. செத்திருந்தா நான் மணைப் பக்கம் வரமாட்டேன். இருந்தா, வந்து எனக்குப் பக்கத்துல நிக்கட்டும். ரெண்டுல ஒண்ணு கேட்டுட்டு வா' என்கிறாள்.

"எனக்கு யாரு நின்னாலும் ஒண்ணுதானுங்க. ஆனா எங்கம்மா நிக்கோணும். இருபத்தஞ்சு வருசமா தலையில பூ வெக்கறதா வேண்டாமான்னு தெரியாம இருக்குது அது. நாளைக்கு நேர்ல வந்து கேக்கறேன். அவருகிட்ட சொல்லிப்போடுங்க."

"சொல்லிப்போடறேனுங்க" என்று மௌனசாமி போனை வைத்தார். அதற்குப் பிறகுதான் மூச்சு விட்டார்.

*

மடத்துக்கு இப்போது தலைவி அம்மை. மௌனசாமியைவிடப் பதினைந்து வயது இளையவர். ஒரு காலத்தில் கணக்கு டீச்சர். பதினெட்டு வருடத்துக்கு முன் படியேறி வந்தார். பெரிய சாமி போகும்போது மடத்துச் சாவியை அவர் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

அம்மை சைக்கிள் பம்பும் கையுமாகச் சமையலறைக்குள் எட்டிப் பார்த்தார். மௌனசாமி இதற்காகவே காத்திருந்தார்.

"அம்மா, நான் அவகிட்ட என்ன சொல்லோணுங்க?"

"அவ என்ன கேக்கறா?"

"ராக்கியண்ணன் இருக்கானா செத்தானான்னு."

"இருக்காரா, செத்தாரா?"

"செத்துட்டானுங்க. நானே காரியம் பண்ணினனே."

"அப்ப அதைச் சொல்லுங்க. அதுக்கு எதுக்கு இவ்வளவு பெரிய பூசணிக்காய்?"

மௌனசாமி பூசணிக்காயைப் பார்த்தார். பெரிதுதான்.

"நெசமாப் பாருங்கம்மா. அவனுக்கு இருந்த முடி எனக்கு இல்லை. பல்லுல பாதி போச்சு. அவன் பெருங் கோவக்காரன். என்னை எறும்பு கடிச்சா நான்தான் தள்ளி உக்காந்துக்கறேன். அவனுக்குக் கறி இல்லாம சோறு இறங்காது. எனக்கு அந்த வாசனையே மறந்துபோச்சு. அவன்கிட்ட இருந்தது ஒண்ணாச்சும் எங்கிட்ட இருக்குதுங்களா? நான் வேற ஆளுங்க."

"சரி, வேற ஆள். வேற யாரோ ஒருத்தரோட பொண்ணு பஸ்ஸுல வருது. பூசணிக்காய்கிட்ட எதுக்குக் கெஞ்சறீங்க?"

மௌனசாமி பூசணிக்காயை முதுகுக்குப் பின்னால் தள்ளி வைத்துக்கொண்டார்.

கீழே டீக்கடையிலிருந்து ஒரு குரல் கேட்டது. "டீச்சர்! பால் வந்துருச்சு!"

"வர்றேன்!" என்று அம்மை ஜன்னல் பக்கம் திரும்பிச் சொன்னார்.

மௌனசாமிக்கு ஒரு பிடி கிடைத்துவிட்டது. "பாத்தீங்களா? மடத்துக்கு வந்து பதினெட்டு வருசம் ஆச்சு. ஓடையில முழுகியாச்சு. இன்னும் டீச்சர்னா திரும்பறீங்களே!"

"கூப்பிட்டாரு, திரும்பினேன். பால் வாங்க வேண்டாமா?"

அம்மை கிளம்பினார். வாசலில் நின்று, ஏதோ நினைவு வந்தவர் போலக் கேட்டார்.

"ராக்கியண்ணன் வீட்டை விட்டு எப்படி வந்தார்? எல்லாக் கதையும் சொல்லியிருக்கீங்க, அதை மட்டும் சொன்னதில்லை."

மௌனசாமி அரிவாள்மணையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "புள்ளைக்குக் காய்ச்சல். அனலாக் கொதிக்குது. மருந்து வாங்கிட்டு வரச் சொன்னா பாவாயி. போனான். திரும்பி வரலை."

"போனான்?"

மௌனசாமி பூசணிக்காயை எடுத்து வெட்ட ஆரம்பித்தார்.

"பூசணிக்காய் வெட்டறது நீங்க. மருந்து கொண்டு வராம போனது அவரு. வசதியா இருக்கு."

அம்மை பால் வாங்கப் போய்விட்டார். இந்த டீச்சர்மார்களுக்கு விடைத்தாளில் தப்பைச் சுழித்துவிட்டுப் பேசாமல் போகிற பழக்கம் எந்த ஓடையில் முழுகினாலும் போவதில்லை.

*

அந்த மடத்துத் தயிரைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும்.

முதல் சாமி கரட்டின்மேல் குடிசை போட்ட அன்று, அடிவாரத்து வீடு ஒன்றிலிருந்து ஒரு கரண்டி உறை மோர் வாங்கி வந்து பாலில் ஊற்றினாராம். மறுநாள் அந்தத் தயிரிலிருந்து ஒரு கரண்டி. அதற்கு மறுநாள் அதிலிருந்து ஒரு கரண்டி. இப்படியே நூற்று நாற்பது வருடம். இடையில் ஒரு நாள்கூட வெளி உறை ஊற்றியதில்லை. தினமும் காலையில் தயிர்ச் சட்டியில் யார் கை வைப்பதற்கும் முன்பு ஒரு கரண்டி எடுத்து, ஒரு சின்னக் கல்கிண்ணத்தில் ஊற்றி, சுவர் மாடத்தில் வைத்துவிட வேண்டும். இருபது வருடமாக அது மௌனசாமியின் வேலை. மழையில் கூரை ஒழுகிய நாளிலும், பெரிய சாமியை அடக்கம் செய்த நாளிலும் அவர் அதைத் தவறவிட்டதில்லை.

மகள் வருகிற நாளில் தவறவிட்டார்.

விடிந்ததும் அவருக்கு எல்லாம் பளபளவென்று இருக்க வேண்டும் என்று தோன்றியிருக்கிறது. கண்ணில் பட்ட பாத்திரத்தை எல்லாம் புளி போட்டுத் தேய்த்தார். மாடத்துக் கல்கிண்ணத்தில் முந்தின நாள் மிச்சம் இருந்ததை வாழைக்கு ஊற்றிவிட்டு அதையும் தேய்த்துக் கவிழ்த்தார். பிறகு, நான்கு வயதில் ரஞ்சனி மோர்க்குழம்பைக் கையில் வாங்கி நக்கியது நினைவுக்கு வந்தது. அவ்வளவுதான். சட்டித் தயிர் முழுவதையும் கடைந்து, தேங்காயும் சீரகமும் பச்சைமிளகாயும் அரைத்துக் கலந்து, வெந்த பூசணியோடு அடுப்பில் ஏற்றினார்.

மோர்க்குழம்பு நுரை கட்டியதும் இறக்கிவிட வேண்டும். கொதிக்க விடக் கூடாது. இது அவருக்குத் தெரியாததல்ல. ஆனால் அப்போது கீழே ரோட்டில் ஏதோ ஒரு வண்டி ஹாரன் அடித்தது. பஸ்ஸுக்கு இன்னும் முழுதாக அரை மணி நேரம் இருந்தது. இருந்தாலும் ஓடிப் போய்ப் பார்த்தார். செங்கல் லாரி. அந்த லாரி வளைவு திரும்பி மறைகிற வரைக்கும் பார்த்துக்கொண்டே நின்றார்.

திரும்பி வந்தபோது குழம்பு தளதளவென்று கொதித்து, தண்ணீர் தனியாக, திப்பி தனியாக நின்றது.

"ஐயையோ" என்று அடுப்பை அணைத்தார். கொஞ்சம் புதுத் தயிர் சேர்த்தால் சரியாகிவிடுமா என்று சட்டியைச் சாய்த்தார். காலி. வழித்தாலும் ஒன்றும் வராது, அவர் ஏற்கெனவே வழித்திருந்தார். மாடத்தைப் பார்த்தார். கல்கிண்ணம் பளபளவென்று கவிழ்ந்திருந்தது.

அவர் போட்ட சத்தத்தில் கரட்டிலிருந்த மயில்கள் எல்லாம் பதில் சத்தம் போட்டன.

*

அம்மை ஓடி வந்தார். "பாம்பா?"

"அதைவிட மோசமுங்க. உறை போச்சு! அத்தனையும் கொழம்புல ஊத்திக் கொதிக்க வெச்சுப்போட்டேன். ஒரு சொட்டு இல்லை. நூத்தி நாப்பது வருசத்தை ஒரு காலையில கொன்னுபோட்டேனுங்கம்மா!"

அம்மை குழம்பைப் பார்த்தார். சட்டியைப் பார்த்தார். கிண்ணத்தைப் பார்த்தார். சிரிப்பை அடக்கினாரா அழுகையை அடக்கினாரா என்று சொல்ல முடியாது.

மௌனசாமி தோளில் துண்டைப் போட்டுக்கொண்டார். "பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்குது. டீக்கடையில பாக்கெட் தயிர் வெச்சிருக்காங்க. ஓடிப் போய் ஒண்ணு வாங்கியாந்து ஊத்திப்போட்டா யாருக்குத் தெரியப் போகுது? தயிருன்னா தயிருதானுங்களே."

"வாங்கிட்டு வாங்க."

அவர் வாசல்வரை போனார். நின்றார். திரும்பி வந்தார்.

"முடியலைங்க. அது அதே தயிர் ஆகாது."

"எது அதே தயிர்?"

"முதல் சாமி ஊத்துன தயிருங்க."

"நேத்துப் பால் எந்த மாட்டுது?"

"டீக்கடைச் செவலை மாட்டுது."

"முதல் சாமி காலத்துல அந்த மாடு இருந்துதா?"

"அதுக்கு அஞ்சு வயசுதானுங்க ஆகுது."

"சட்டி?"

"சட்டி போன தை மாசம் வாங்கினது. பழசு விரிசல் விட்டுருச்சு."

"உறை ஊத்தின கை?"

"எத்தனையோ கை மாறியிருக்குமுங்க."

"பாலும் வேற, மாடும் வேற, சட்டியும் வேற, கையும் வேற. முதல் சாமி ஊத்தினதுல ஒரு துளிகூட நேத்து சட்டியில இல்லை. அப்புறம் எப்படி அதே தயிர்?"

மௌனசாமிக்குக் கோபமே வந்துவிட்டது. இருபது வருடம் காத்த தயிரை யாராவது அப்படிச் சொன்னால் வராதா? "அதெப்படிங்கம்மா இல்லாமப் போகும்? ஒரு நாள்கூட விட்டுப்போகலைங்களே! நேத்தையது இல்லாம இன்னைக்கு இல்லை. முந்தாநேத்தையது இல்லாம நேத்து இல்லை. ஒவ்வொரு நாளும் மாறித்தான் இருக்கும். ஆனா அதேதான். இதுல என்ன கணக்கு வேண்டிக் கெடக்குது?"

"எறும்பு கடிச்சா தள்ளி உக்காருறவருக்கு இவ்வளவு கோபம் வருதே."

மௌனசாமி பதில் சொல்ல வாயைத் திறந்தார். 

அப்போது கீழே பஸ் ஹாரன் அடித்தது. இந்த முறை செங்கல் லாரி இல்லை.

*

அறுபத்திரண்டு படி. அறுபது வயது மனிதர் அத்தனையையும் ஒரே மூச்சில் இறங்கினார். கடைசிப் படியில் எதிரே ஒரு பெண் நின்றாள். பச்சைச் சுடிதார், தோளில் பை, ஒரு கையில் மூடி போட்ட தூக்குப்போசி.

"சாமி, மௌனசாமிங்கறவரைப் பாக்கோணுங்க. மேல இருக்காருங்களா?"

எத்தனையோ சொல்ல வைத்திருந்தார். நேற்றிலிருந்து அடுப்பிடமும் பூசணிக்காயிடமும் சொல்லிப் பார்த்து வைத்திருந்தார்.  மேலே கையை மட்டும் காட்டினார்.

அவள் ஏறினாள். அவர் பின்னாலேயே ஏறினார். அவள் நெற்றியின் இடதுபக்கத்து முடிச்சுழி பாவாயிக்கு இருந்த அதே இடத்தில் இருந்தது. பாவாயிக்கு எந்தப் பக்கம் என்பது தனக்கு எப்படி ஞாபகம் இருக்கிறது என்று அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

மேலே அம்மை அவளுடைய கையைப் பிடித்து உட்கார வைத்தார். "முதல்ல சாப்பிடு கண்ணு. பசியோட கேட்டா எந்தக் கேள்வியும் சண்டையாத்தான் முடியும்."

இலை போட்டார்கள். அம்மை அவளுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தார். பரிமாறியது மௌனசாமி. சோறு வைத்தார். பொரியல் வைத்தார். பிறகு வேறு வழியில்லாமல் மோர்க்குழம்பையும் ஊற்றினார். திப்பி சோற்றின்மேல் நின்றது, தண்ணீர் இலையின் ஓரத்துக்கு ஓடியது.

ரஞ்சனி இலையைப் பார்த்தாள். அவள் உதடு துடித்தது. பிறகு அடக்க முடியாமல் சிரித்துவிட்டாள்.

"தப்பா நினைக்காதீங்கம்மா. எங்கம்மா ஒண்ணு சொல்லும். எங்கப்பா கல்யாணமாகி ஒரே ஒரு நாள்தான் சமைச்சாராம். அன்னைக்கும் மோர்க்குழம்பைக் கொதிக்க விட்டுத் திரிச்சுப்போட்டாராம். அவசரக்காரருக்கு மோர்க்குழம்பு வராதுன்னு சொல்லிச் சொல்லிச் சிரிக்கும். எனக்கு எங்கப்பாவைப் பத்தித் தெரிஞ்ச ஒரே சிரிப்புக் கதை அதுதான்." அவள் சிரிப்பை நிறுத்தினாள். "இதை யாருங்க வெச்சது?"

அம்மை சோற்றைப் பிசைந்துகொண்டே கண்ணால் காட்டினார்.

ரஞ்சனி நிமிர்ந்து, கரண்டியோடு நின்ற கிழவரைப் பார்த்தாள். வழுக்கைத் தலை, காவி வேட்டி, பாதிப் பல். 

"போனை எடுத்ததும் நீங்கதானுங்களா?"

அவர் தலையை ஆட்டினார்.

"நீங்க ராக்கியண்ணனுங்களா?"

மௌனசாமி அம்மையைப் பார்த்தார். அம்மை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இவ்வளவு திரிந்த குழம்பை இவ்வளவு அக்கறையாக யாரும் சாப்பிட்டிருக்க மாட்டார்கள்.

அவர் சுவரைப் பார்த்தார். பழக்கப்பட்ட சொற்கள் தாமாக வாய்க்கு வந்தன. "அந்த ஆளு செத்து..."

"இருங்க" என்றாள் ரஞ்சனி. கையைத் துடைத்துக்கொண்டு தூக்குப்போசியை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். "அப்படிச் சொன்னாருன்னா இதைத் திருப்பிக் குடுத்துட்டு வரச் சொல்லுச்சு அம்மா."

மூடியைத் திறந்தாள். தயிர்.

"அன்னைக்கு எங்கம்மா இங்க வந்தப்ப, உங்க பெரிய சாமி ஒரு சொம்புல இதைக் குடுத்தாராம். 'இதை விட்டுராத, உறை ஊத்திக்கிட்டே இரு'ன்னு காதுல சொன்னாராம். இருபத்தஞ்சு வருசமா எங்க வீட்ல இந்தத் தயிர்தான். அம்மாவுக்கு ஆபரேசன் பண்ணுனப்பக்கூட, பக்கத்து வீட்ல குடுத்து ஊத்தச் சொல்லுச்சு. ஒரு நாள்கூட விட்டுப்போகலைன்னு உங்ககிட்ட சொல்லச் சொல்லுச்சு." அவள் போசியை அவர் பக்கம் நகர்த்தினாள். "'இருக்கற மனுசன் வீட்டுதுன்னுதான் வெச்சிருந்தேன், செத்தவன் வீட்டுதுன்னா எனக்கு வேண்டாம்.' இதையும் சொல்லச் சொல்லுச்சு."

கரண்டி கீழே விழுந்தது. மௌனசாமி அதை எடுக்கவில்லை. அப்படியே அவள் இலைக்கு எதிரே உட்கார்ந்துவிட்டார்.

"வாங்கினேன் கண்ணு" என்றார்.

"என்னதுங்க?"

"மருந்து. ஆரஞ்சுக் கலரு. மேல ஒரு பிளாஸ்டிக் மூடி, அளவு பாத்து ஊத்தறதுக்கு. வாங்கினேன். வாங்கிட்டு வீட்டுக்குத்தான் நடந்தேன். வழியில பஸ் நின்னுது. கையில மருந்து இருக்குது, ஏறிப்போட்டேன். அவன் இல்லை. நான்தான் ஏறினேன். அடுத்த ஸ்டாப்புல இறங்கிரலாம்னு நெனச்சேன். ஒவ்வொரு ஸ்டாப்புலயும் நெனச்சேன். இறங்கலை. அந்தப் பாட்டிலை ஓடைக்கரையில வெச்சுட்டுத்தான் முழுகினேன்." அவர் அழுதார். மறைக்கவில்லை. "உனக்குக் காய்ச்சல் விட்டுதான்னு இருபத்தேழு வருசமா எனக்குத் தெரியாது கண்ணு. கேக்கவும் வாய் இல்லை."

அம்மை சாப்பிடுவதை நிறுத்தியிருந்தார்.

ரஞ்சனி கோபப்படலாம். அதற்கு அவளுக்கு எல்லா உரிமையும் இருந்தது. முகத்தில் அது வந்தது, இருந்தது, நெடுநேரம் நின்றது. ஆனால் இருபத்தேழு வருடமாக ஒருவர் பதிலுக்குக் காத்திருக்கிற ஒரு கேள்வியைக் கேட்டபோது பதில் சொல்லாமல் இருக்க அவளால் முடியவில்லை.

"மூணு நாள்ல விட்டுருச்சுங்கப்பா" என்றாள்.

*

அம்மை கையைக் கழுவிவிட்டு வந்தார். காலையில் காய்ச்சிய பால் ஆறி, வெதுவெதுப்பாக இருந்தது. அதைச் சட்டியில் ஊற்றினார். தூக்குப்போசியிலிருந்து ஒரு கரண்டி எடுத்துப் பாலில் விட்டுக் கலக்கினார். இன்னொரு கரண்டி எடுத்து, தேய்த்து வைத்த கல்கிண்ணத்தில் ஊற்றி மாடத்தில் வைத்தார். மீதியை மூடி போட்டு ரஞ்சனியிடமே கொடுத்தார். மௌனசாமி ஒவ்வொன்றையும் கண் கொட்டாமல் பார்த்தார்.

"அம்மா, இது அதே தயிருங்களா?"

கரண்டியில் ஒட்டியிருந்ததை அம்மை அவர் உள்ளங்கையில் வழித்தார். "நாக்குல வச்சுப் பாருங்க."

அவர் வைத்துப் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டு வைத்துப் பார்த்தார்.

"கொஞ்சம் புளிப்பு கூடுதலுங்க."

"இருபத்தஞ்சு வருசம் பாவாயி கையில இருந்திருக்கு. புளிக்காம?"

ரஞ்சனி அழுகைக்கு நடுவே சிரித்தாள். பிறகு மணியைப் பார்த்துப் பதறி எழுந்தாள். "ஒண்ணரை மணிக்கு பஸ். அதை விட்டா சாயங்காலம்தான். அம்மா வாசல்லயே நிக்கும். நான் என்ன சொன்னாலும் நம்பாது. நீங்களே வந்து உங்க வாயால சொல்லுங்க. வர்றீங்களா?"

மௌனசாமி எழுந்தார். துண்டை எடுத்தார். வைத்தார். மறுபடி எடுத்தார். வேட்டியைப் பார்த்துக்கொண்டார். காவி. வாசலுக்குப் போனார், மாடத்துக் கிண்ணத்திடம் திரும்பி வந்தார், மறுபடி வாசலுக்குப் போனார்.

"நாளைக்குக் காலையில ஒரு கரண்டி எடுத்து வெக்கோணுங்க..."

"நான் வைக்கறேன்."

"சட்டியில யாரும் கை வெக்கறதுக்கு முன்னாடிங்க..."

"தெரியும். போங்க."

கீழே பஸ் வந்து நின்றது. ரஞ்சனி போசியைப் பிடித்துக்கொண்டு முதல் படியில் இறங்கிவிட்டாள். "அப்பா! வாங்க!"

மௌனசாமி திரும்பினார். உடனே, மின்சாரம் தொட்டவர் போல, அம்மையைப் பார்த்தார். வாய் படபடத்தது.

"அம்மா, எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லிப்போடுங்க. நானே காரியம் பண்ணின ஆளு. காவியோட அந்த வீட்டு வாசல்ல போய் நிக்கறேன். பாவாயி கதவைத் திறந்து 'யாரு'ன்னு கேப்பா. நான் என்ன சொல்லட்டும்? மௌனசாமின்னா, ராக்கியண்ணன்னா? யாரு போறதுங்கம்மா?"

பஸ் இரண்டு முறை ஹாரன் அடித்தது. அம்மை அவர் தோளைப் பிடித்துப் படியை நோக்கித் திருப்பினார்.

"மருந்து வாங்கப் போனவர் வந்துட்டார்னு சொல்லுங்க. ஏற்கெனவே லேட்டு. ஓடுங்க!"